வாய் மூடிய படம்

வாயை மூடிவிடலாம் என்கிறான் கம்ப்யூட்டர்க்காரன். ரெண்டு நிமிச வேலையாம். "மூடிரலாம்மா, பல்லு ஒண்ணுகூடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மவுஸை உருட்டுகிறான், திரையில் பஞ்சவர்ணம் அத்தையின் வாய் பெரிதாகிறது, இன்னும் பெரிதாகிறது, உதடுகள் திரைக்கு வெளியே போய்விட்டன, இப்போது பற்கள் மட்டும், மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் விழுந்த கறுப்பு இடம், அதற்கு அப்பால் நாக்கு. செத்துப் பதினைந்து நாளான ஒருத்தியின் வாய்க்குள் இப்படி எட்டிப் பார்க்கலாமா. இவ்வளவு கிட்டத்தில் எந்தப் பல் டாக்டரும் அவளைப் பார்த்ததில்லை. எந்த டாக்டருமே பார்த்ததில்லை. அதை இப்போது நினைக்காதே. மணி இரண்டு இருபது. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இந்த ஸ்டூடியோ, ஜன்னல் கிடையாது, ஏசி இரைகிற அளவுக்குக் குளிரவில்லை, என் பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் குட்டை, அசைந்தால் டக்கென்று சத்தம் வருகிறது, அதனால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குப் பதினாறாம் நாள். காலையில் பத்து மணிக்குப் படத்திறப்பு. பெரியப்பா துணியை விலக்குவார், தெருவே நின்று பார்க்கும், அதற்கப்புறம் இந்த முகம்தான் எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே, நான் இருக்கிற வரைக்கும். அது எந்த முகம் என்பதை இந்த ஆளும் நானும் சேர்ந்து இந்த மத்தியானத்துக்குள் முடிவு செய்யவேண்டும். "பாப்பா போகட்டும், அதுதான் படிச்ச பிள்ளை, தப்பு இல்லாம செய்யும்" என்று அனுப்பிவைத்தார்கள். வங்கி சலான், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், இறப்புச் சான்றிதழ், அதில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்வது, இப்போது அத்தையின் வாய். எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஒருத்தி பட்டம் வாங்கியது இதற்குத்தான் போல.

நான் வந்ததும் முதலில் படத்திலிருந்து வாளியை எடுத்தான். என்னைக் கேட்கவில்லை. படத்தில் அத்தை கையில் சாம்பார் வாளி இருந்தது, தலையில் வலைத்தொப்பி, உடம்பில் அரக்குக் கலர் யூனிபார்ம் சேலை. இருபது வருஷம் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் கல்யாண வீடுகளுக்குப் பந்தி பரிமாறப் போனாள், ஏதோ ஒரு மண்டபத்தில் கூட வேலை பார்க்கிறவள் செல்போனில் எடுத்த படம் அது. யாரோ என்னமோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவளே சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள், அவள் வழக்கம் அது. வாளி போனது, தொப்பி போனது, பிறகு கழுத்துக்குக் கீழே அத்தையே போய்விட்டாள். இவனிடம் உடம்புகள் இருக்கின்றன. ஒரு ஃபோல்டர் நிறைய, தலையில்லாத பெண்கள், பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, தோளை நேராக வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். "மயில்கழுத்துக் கலர் போடவா, மாம்பழக் கலர் போடவா? ஆரம் போதுமா, காசுமாலையும் சேத்துக்கவா?" என்றான், சட்னி வேண்டுமா சாம்பார் வேண்டுமா என்கிற மாதிரி. என் அத்தை கழுத்தில் மஞ்சள் கயிற்றைத் தவிர வேறெதுவும் கிடந்ததில்லை, செத்த பிறகு எதற்குடா காசுமாலை, அவள் மானத்தை வாங்கவா என்று கத்தவேண்டும் போலிருந்தது. "சிம்பிளா போதும்ணே" என்றேன். கோபம் ஏற ஏற என் குரல் மரியாதையாகிக்கொண்டே போகும், அது ஒரு வியாதி எனக்கு, காலேஜில் பிடித்தது. அடுத்து அவன் நெற்றிக்குப் போனான். "பொட்டு எப்படிம்மா வைக்க? வீட்டுக்காரரு இருக்காரா?" "தெரியாதுண்ணே." திரும்பி என்னைப் பார்த்தான். தெரியாதுதான். அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் மாமா சூரத்துக்கு மில் வேலைக்குப் போனார், போனவர் போனவர்தான். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. துக்கம் விசாரிக்கிற குரலில் யாராவது அதைக் கேட்டால் அத்தை சொல்வாள்: "முறுக்கு வாங்கியாரேன்னு போனாரு தாயி. எண்ணெய் இன்னும் காயல." போன வருஷமும் அதையே சொன்னாள், இருபத்தேழு வருஷமாக எண்ணெய் காயவில்லை. கேட்டவளே சிரித்துவிடுவாள், சிரித்ததும் கேட்க வந்தது மறந்துபோகும். அதற்குத்தான் சொல்கிறாள் என்று எனக்கு ஏன் அப்போது தெரியவில்லை. எல்லா இடத்திலும் அதைத்தான் செய்தாள். யாரையும் கிட்டே விடாமல் சிரிக்கவைத்தே அனுப்பிவிடுவாள்.

ஆனால் பந்தியில் அப்படி இல்லை, அங்கே அது வேறு சிரிப்பு, நானே பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூட லீவில் அத்தையோடு மண்டபத்துக்குப் போய் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு சைவக் கல்யாணத்தில் ஒருத்தர் இலையைத் தட்டி, "என்னம்மா, கறி கிடையாதா?" என்றார். "இருக்குண்ணே, வெளிய கட்டிப் போட்டிருக்கு. ஆடு சம்மதிக்கணும்ல." அந்த வரிசை முழுக்க எச்சில் கையோடு சிரித்தது. இன்னொரு நாள், அழைப்பில்லாமல் வந்த ஒரு பெரியவர், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார், முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் வந்து அவர் தோளில் கைவைத்தான். அத்தை குறுக்கே வாளியை நீட்டினாள். "யாருன்னு நெனச்ச? மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் முறை. இவரு எந்திரிச்சா மாப்பிள்ளை தாலி கட்டமாட்டாராம், போய்க் கேட்டுட்டு வா." அவன் கேட்கவா போவான். அந்தப் பெரியவர் தலையைத் தூக்கவில்லை, சாப்பிட்டார், இலையில் இரண்டு சொட்டு விழுந்தது, அத்தை அதைப் பார்க்காதது மாதிரி அந்த இடத்தில் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள். இதை நாளைக்கு யார் சொல்லப்போகிறார்கள். வார்டு கவுன்சிலர் பேசுவார், அமைதியான பெண்மணி என்பார், அடக்கத்தின் உருவம் என்பார், செத்துப்போன பெண்கள் எல்லாரையும் அவர் அப்படித்தான் சொல்கிறார், தலையில்லாத உடம்பு மாதிரி அவரிடம் ஒரு பேச்சு இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றி ஒட்டுவார்.

போன் அடிக்கிறது. பெரியப்பா. பின்னால் பந்தல்காரர்கள் கம்பி போடும் சத்தம். "என்ன பாப்பா, முடிஞ்சிருச்சா?" "இல்ல பெரியப்பா, வாய்தான்..." "அதைத்தான் சொல்ல வந்தேன். வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கிற படத்தைப் போட்டுறாத. பொம்பளைப் படம், நாலு பேரு கும்பிடணும், அடக்கமா இருக்கணும்." கம்ப்யூட்டர்க்காரன், கோபத்தில் இப்போது மனசுக்குள்ளேயும் கம்ப்யூட்டர்க்காரர் ஆகிவிட்டவர், எனக்கும் போனுக்கும் நடுவே காதை வைத்திருக்கிறார், தலையை ஆட்டுகிறார், நான் சொன்னேன்ல என்பது போல. "நீ பட்டம் வாங்குனப்ப எடுத்த படம் இருக்குல்ல? அதுல அமைதியா இருப்பாளே. அதைக் குடு, அதுல உள்ள வாயை எடுத்துக்கட்டும்" என்கிறார் பெரியப்பா. எப்படி அவருக்கு அந்தப் படம் நினைவிருக்கிறது. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, பதினைந்து நாளாகத் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். போன் ரிப்பேர், எல்லாம் போய்விட்டது என்று சொல்லலாம். எனக்குப் பொய் சொல்ல வராது என்று எல்லாரும் சொல்வார்கள். அது பொய். "பாக்குறேன் பெரியப்பா" என்று வைத்துவிட்டேன்.

போன வருஷம் ஏப்ரல், மதுரையில் காலேஜ் ஆடிட்டோரியம், ஒரு மாணவிக்கு இரண்டு பாஸ். அம்மா, "எனக்கு அங்கெல்லாம் உக்காரத் தெரியாது, அத்தையைக் கூட்டிட்டுப் போ" என்றாள், அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை முந்தின நாள் இரவுப் பந்தி முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள், குளித்திருந்தாள், ஆனாலும் எனக்கு மட்டும் சாம்பார்ப்பொடி வாசனை வந்துகொண்டே இருந்தது. கறுப்பு அங்கியில் என்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, எந்தக் கோர்ட்டுல கேசு?" என்றாள். நான் சிரிக்கவில்லை. முன்வரிசையில் என் கூடப் படித்தவளின் அம்மா, அப்பா, இருவரும் பேராசிரியர்கள். மேடையில் சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். "இவரு முடிக்கிறதுக்குள்ள நீ அடுத்த பட்டமும் வாங்கிருவ போலயே" என்று சொல்லிவிட்டு அத்தை சிரித்தாள், பந்தியில் சிரிக்கிற சிரிப்பு, கடைசி இலை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. முன்வரிசை திரும்பியது. அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு லேசாகப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைக்காக அவளை அறையவேண்டும், ஆனால் நான் அவளை அறையவில்லை, குனிந்து அத்தை காதில் சொன்னேன். "வாயை மூடிட்டு உக்காரு அத்தை. அசிங்கமா இருக்கு." இவ்வளவுதான். ஆறு வார்த்தை. வெளியே வந்து மரத்தடியில் படம் எடுக்கும்போதும், "பல்லுத் தெரியாம" என்றேன். அவள் மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் விரலை வைத்து மூடச் சொன்ன பிள்ளை மாதிரி, உதட்டை உள்ளே இழுத்து, நேராகக் கேமராவைப் பார்த்து. ஓடிப்போன புருஷன், விழுந்த பல், எல்லாவற்றையும் வைத்து ஜோக் அடித்தவள் இதை வைத்து மட்டும் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தெருவுக்கெல்லாம் விழாவை நடித்துக் காட்டினாள், அங்கி, மேடை, விருந்தினர் இருமியது, எல்லாம் வந்தது, இது வரவில்லை. அப்போதே தெரிந்திருக்கவேண்டும் எனக்கு. தெரிந்தது. தெரிந்தும் நிம்மதியாகத்தான் இருந்தது.

"படம் இருக்காம்மா?" என்கிறார் கம்ப்யூட்டர்க்காரர். காட்டினேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது யாரு? அவங்க தங்கச்சியா?" "அவங்கதான்ணே." "அட, ஆளே வேற மாதிரில இருக்காங்க." கேபிளை மாட்டி ஏற்றிவிட்டார். தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை, என்ன ஆகும் என்று பார்க்கவேண்டும் போல ஒரு கெட்ட ஆசை. மூடிய வாயை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து, சிரிக்கிற முகத்தின் மேல் வைத்து, ஓரங்களைத் தேய்த்து, நிறத்தைச் சரிசெய்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, "எப்படி?" என்றார். மேலே கண்கள் சிரிக்கின்றன. கீழே வாய் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. இந்த முகத்துக்கு நாளைக்கு மாலை போடுவார்கள். இந்த முகத்தின் கீழே உட்கார்ந்து நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கவேண்டும். "கண்ணு கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருக்கு, அதையும் சரி பண்ணிரலாம்" என்று அவர் இமைகளுக்குப் போகிறார். "இருங்கண்ணே, ஒரு நிமிஷம்" என்றேன். ஒரு நிமிஷம் எதற்கு? பழைய வாயை வை என்று சொல்ல எனக்கு என்ன தடை? சொல்லிவிடு. ஏன் வரவில்லை? ஏனென்றால் அந்தத் திறந்த வாயும் எனக்கு வேண்டாம். அதைப் பார்க்கவும் என்னால் முடியாது. கடைசியாகப் போனில் என்னிடம் அப்படித்தான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, சாவதற்கு ஐந்து நாள் முன்னால். நான் மதுரையில் கோச்சிங் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அத்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "நெஞ்சுக்குள்ள யாரோ ஆட்டுரலைப் போட்டு மாவாட்டுறாக பாப்பா" என்றாள். "நல்லாத்தான் ஆட்டுறாக. இட்லி பூ மாதிரி வரும்." சிரித்தேன். "இடது கையி மரத்துப்போகுது. இருபது வருசமா வாளி தூக்குன கையில்ல, லீவு கேக்குது. மெடிக்கல் லீவு தரமுடியாதுன்னு சொல்லிட்டேன்." அதற்கும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், நடுவில் ஒரு இடத்தில் மூச்சு பிடித்துக்கொண்டு நின்றது, பிறகு மறுபடி சிரித்தாள். மூச்சு நின்றதைக் கேட்டேனா, அல்லது செத்த பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சும் இடது கையும் நான் சேர்த்துக்கொண்டது இல்லை. அவள் சொன்னாள். பி.எஸ்சி. விலங்கியல் படித்தவளிடம் சொன்னாள். மனித இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம், படம் வரைந்து பாகங்களைக் குறி, பத்து மதிப்பெண், எனக்கு ஒன்பதரை. அரை மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று டீச்சரிடம் போய்க் கேட்டவள் நான். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சமையல்கட்டுப் பக்கம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, வழக்கமான வேடிக்கை என்று கூட இருந்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். பாவி, உனக்கு ஒருமுறையாவது வலியை வலி என்று சொல்லத் தெரியாதா? அழுதால் என்ன, ஐயோ என்றால் என்ன, எங்களில் ஒருத்தராவது பதறியிருக்கமாட்டோமா? எங்களை எல்லாரையும் சிரிக்கவைத்தே முட்டாளாக்கிவிட்டுப் போய்விட்டாய். அவள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். வீட்டுக்கு வந்து இறங்கினதும் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள், "உன்கிட்டயாவது ஏதாச்சும் சொன்னாளா?" என்று. என் வாய் தானாகச் சொன்னது: "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. டாக்டரைப் பாருன்னு நான் அப்பவே சொன்னேன். கேக்கல." நான் சொல்லவில்லை. அப்படி ஒரு வார்த்தை அந்த போனில் இல்லவே இல்லை. சிரித்தேன், அடுத்த வாரம் வரேன் என்றேன், வைத்தேன். பதினைந்து நாளாக வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார், பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னுச்சு, இவ கேக்கல. நான் பக்கத்திலேயே காபி டம்ளர் எடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுபடி போன். "என்னாச்சு? வாய் மூடியாச்சா?" நான் எழுந்து நின்றேன், நாற்காலி டக்கென்றது. "பெரியப்பா, சிரிக்கிற படமே இருக்கட்டும். அதுதான் அத்தை." அவர் குரல் வேறு மாதிரி வந்தது, கரகரவென்று, நான் கேட்டிராத குரல். "அந்தச் சிரிப்பைத்தான் பாப்பா என்னால பாக்கமுடியல. நீ அம்புட்டுச் சொல்லியிருக்க, ஆசுபத்திரிக்குப் போன்னு. படிச்ச பிள்ளை சொல்றதைக் கேக்காம, இளிச்சுக்கிட்டே திரிஞ்சு செத்தாள்ல. தங்கச்சியா அவ, எங்க எல்லாத்தையும் ஏமாத்திட்டா. அந்த இளிப்பை வீட்டுல மாட்டி வேற நான் கும்பிடணுமா? மூடச் சொல்லு." அடக்கம், பொம்பளை, நாலு பேர் எல்லாம் சும்மா. அவர் என் பொய்யை நம்பி அவள் வாயை மூடுகிறார். போன வருஷமும் நான் மூடினேன், இப்போதும் நான்தான் மூடுகிறேன், இவர்கள் யாரும் இல்லை, இந்த ஆள் இல்லை. இதைச் சொன்னால் நாளைக்குப் பந்தலில் என்னை எப்படிப் பார்ப்பார்கள், அப்பா எப்படிப் பார்ப்பார், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, சத்தியமாக யாருக்கும் தெரியாது, போனில் அந்தப் பக்கம் இருந்தவள் செத்துவிட்டாள். "நான் சொல்லல பெரியப்பா." "என்னது?" "ஆசுபத்திரிக்குப் போன்னு நான் சொல்லவே இல்ல. வலிக்குதுன்னுதான் சொன்னா அத்தை. நெஞ்சு, கையி, எல்லாம் சொன்னா. எனக்குப் புரிஞ்சிருக்கணும். நான் சிரிச்சேன். உங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிட்டேன்." என் குரலில் மரியாதை இல்லை, கத்திக்கொண்டிருக்கிறேன், கம்ப்யூட்டர்க்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அவ கேக்காம சாகல. அவளை யாரும் சொல்லாதீங்க." அந்தப் பக்கம் யாரோ, "மாமா, இந்தக் கம்பி எங்கிட்டு?" என்று கேட்டார்கள். பெரியப்பா போனை வைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, கோபம்தான் இன்னும் அப்படியே இருக்கிறது, கொதித்த பால் அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுடுமே அப்படி. "வாயைப் பழையபடி வச்சிருங்கண்ணே" என்றேன். அவர் ஒரு பொத்தானை அழுத்த அழுத்த, ஒட்டிய வாய் படிப்படியாகப் போய், சிரிப்பு வந்தது. "சேலை?" ஒட்டிய பட்டே இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாவற்றுக்கும் சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை. "பல்லு விழுந்த இடம் கறுப்பாத் தெரியுது, அதை மட்டும் அடைச்சிரவாம்மா?" "வேணாம்ணே. எதையும் அடைக்காதீங்க." "பிரிண்டு போட்டா அப்புறம் மாத்தமுடியாது." "போடுங்க." மூலையில் மெஷின் இரைய ஆரம்பித்தது, அகலமான தாள் மேலிருந்து மெதுவாக வெளியே வந்தது, முதலில் வெறும் வெளிர்நீலம், பிறகு வகிடு, வகிட்டின் ஓரம் நரை, நெற்றி. எழுந்து கிட்டே போய் நின்றேன். கண்கள் வந்தன. இடுங்கியிருந்தன, ஓரத்தில் சுருக்கம், கொஞ்சம் ஈரம். அதுவரைக்கும் வந்ததை மட்டும் பார்த்தால் அவள் சிரிக்கிறாளா, எங்கேயாவது வலிக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய் இன்னும் உள்ளேதான் இருந்தது.